ஒரு மணி நேரம் போக மீதி 8,759: மருத்துவத் துறை எந்தப் பக்கம் நகர்கிறது?

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். இது தாராளமான கணக்குதான். ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது என்பவர்கள் நிறைய. ஆக, வருடத்துக்கு மொத்தம் ஒரு மணி நேரம். ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி 8,759 மணி நேரமும் அந்த நோயோடு அவர் தனியாகத்தான் குடித்தனம் நடத்துகிறார்.

மருத்துவத் துறையில் நடக்கும் பெரிய மாற்றங்கள் என்னென்ன என்று கேட்டால் செயற்கை நுண்ணறிவு, ரோபோ, மரபணு சிகிச்சை, ஸ்மார்ட் வாட்ச் என்று வரிசையாகச் சொல்வார்கள். சரி, எல்லாம் உண்மைதான். ஆனால் தனித்தனிப் புதுமைகளாகப் பார்த்துக்கொண்டே போனால் தலை சுற்றுமே தவிர ஒன்றும் பிடிபடாது. இந்த 8,759 மணி நேரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட மாற்றங்கள் எதற்காக நடக்கின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகாத நோய்கள்

மருத்துவமனை என்ற அமைப்பையே கொஞ்சம் கவனியுங்கள். சேர்க்கை, படுக்கை, சிகிச்சை, டிஸ்சார்ஜ். வந்து, குணமாகி, கிளம்பிப் போகும் நோயாளியை மனதில் வைத்துக் கட்டியது அது. நிமோனியா, காலரா, எலும்பு முறிவு போன்றவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதிகம் பேரின் உயிரைப் பறித்தவை நிமோனியாவும் ஃப்ளூவும், காசநோய், வயிற்றுப்போக்கு. சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, ஆன்டிபயாடிக் மூன்றும் சேர்ந்து அந்தப் பட்டியலைப் புரட்டிப் போட்டன. காசநோய் ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இன்றும் உலகில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் அதில் சாகிறார்கள். ஆனால் மொத்தக் கணக்கில், இன்று நான்கு மரணங்களில் ஏறக்குறைய மூன்றுக்குக் காரணம் தொற்றாத நோய்கள். இதய நோய், பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய், சர்க்கரை ஆகியவை இந்த வகை. இவற்றில் பலவற்றைக் கட்டுக்குள் வைக்க முடியும், வெளியே அனுப்ப முடியாது.

கூடவே வயதும் ஏறுகிறது. 2020-ல் உலகில் 60 வயதை எட்டியவர்கள் சுமார் 100 கோடிப் பேர். 2050-ல் அது 210 கோடி ஆகும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. எழுபத்தைந்து வயதில் ஒரே ஒரு நோயோடு இருப்பவர்கள் குறைவு. பிரஷருக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு இன்னொரு டாக்டர். மூட்டு டாக்டர் எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரை, சிறுநீரக டாக்டர் காப்பாற்றப் பாடுபடும் அதே சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

வீட்டுக்குப் போகும் வைத்தியம்

நோய் வீட்டில் இருக்கிறது என்றால் வைத்தியமும் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? தொலை மருத்துவம், உடலில் மாட்டிக்கொள்ளும் கருவிகள், வீட்டிலிருந்தே கண்காணிப்பு என்று பல பெயர்களில் நடப்பது இதுதான்.

இது புது யோசனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் என்ற விஞ்ஞானி இ.சி.ஜி. எடுக்கும் கருவியை உருவாக்கினார். அது ஆய்வகத்தை விட்டு நகர்த்த முடியாத அளவுக்குப் பெரியது. நோயாளிகளோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில் இருந்தார்கள். 1905-ல் அவர் என்ன செய்தார் என்றால், தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதய மின்னோட்டத்தை ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1924-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, தூரத்திலிருந்து நோயாளியைப் பார்க்கும் வித்தை நூறு வருடத்துக்கும் முன்பே கைவந்துவிட்டது. பிறகு ஏன் அது பரவவில்லை? விதிமுறைகள் தடுத்தன, வீடியோவில் பார்த்தால் காப்பீடு பணம் தராது, டாக்டர்களுக்கும் பழக்கமில்லை. 2020-ல் கோவிட் வந்து கதவைச் சாத்தியதும் பல நாடுகளில் அந்த விதிகள் சில வாரங்களில் தளர்ந்தன. தொழில்நுட்பம் தயாராக இருப்பதும் அது நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு விஷயங்கள். இந்தத் துறையில் இந்த இடைவெளி மிக நீளமானது.

வீடியோவில் டாக்டரிடம் பேசுவதை விட முக்கியமானது, என்னைக் கேட்டால், தொடர்ந்து அளக்கும் கருவிகள்தான். சர்க்கரைக்கான தொடர் கண்காணிப்புக் கருவியை எடுத்துக்கொள்வோம். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய வில்லை அது. மயிரிழை போன்ற ஓர் உணரி அதிலிருந்து தோலுக்கடியில் போகிறது. அது ரத்தத்தைத் தொடுவதில்லை. செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் இருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் அளவு கொஞ்சம் பின்தங்கியே காட்டும். இருந்தாலும், விரலைக் குத்தி நாளைக்கு ஒன்றிரண்டு முறை பார்ப்பதற்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கோடு ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு புகைப்படத்துக்கும் சினிமாவுக்கும் உள்ளது போல. எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, நடந்தால் எவ்வளவு இறங்குகிறது, தூக்கத்தில் அபாயமாகக் குறைகிறதா என்பதெல்லாம் அந்த 8,759 மணி நேரத்துக்குள் நடப்பவை. முன்பு யாரும் பார்க்காமல் போனவை.

ஸ்மார்ட் வாட்சும் இந்த வகைதான். தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று பார்த்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் எச்சரிக்கவும் செய்கிறது. பக்கவாதத்துக்குக் காரணமாகும் ஒருவகை இதயத்துடிப்புக் கோளாறை இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. ஆயிரம் ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரு கருவியை மாட்டியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு மட்டும் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி 99 சதவீதம் சரியாகச் சொல்லும். நோயுள்ள அந்த ஒருவரைப் பிடித்துவிடும். மீதி 999 பேரில் ஒரு சதவீதம், அதாவது பத்துப் பேருக்கு, நோய் இல்லாமலே மணி அடிக்கும். மொத்தம் பதினொரு எச்சரிக்கை, அதில் பத்து பொய். அந்தப் பத்துப் பேரும் பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவார்கள், டெஸ்ட் எடுப்பார்கள், தூக்கம் கெடும். ‘99 சதவீதம் துல்லியம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்தப் பதினொன்றில் பத்து நினைவுக்கு வரட்டும். அதே கருவியை நோய் அதிகமுள்ள முதியவர்களிடம் கொடுத்தால் கணக்கு வேறு மாதிரி நல்லபடியாக வரும்.

இன்னொரு பொறி, கருவியை யார் மேல் சோதித்துச் செய்தார்கள் என்பது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயகியின் யோசனையிலிருந்து வந்தது. கோவிட் காலத்தில் அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதே 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி ‘நன்றாக இருக்கிறது’ என்று காட்டிய சம்பவங்கள் வெள்ளை நிறத்தவர்களை விடக் கறுப்பு நிறத்தவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததைக் காட்டியது. ஒளியை வைத்து அளக்கும் கருவிக்குத் தோலின் நிறமும் குறுக்கே நிற்கும் அல்லவா?

126-ம் 7-ம் ஒன்றுதான்

மூன்று டாக்டர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டேனே, அதற்கு வருவோம். இதுதான் இந்தத் துறையிலேயே அலுப்பூட்டும் விஷயம். யாரும் இதைத் தலைப்புச் செய்தி ஆக்குவதில்லை. ஆனால் மற்ற எல்லா மாற்றங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன.

காகிதத்தில் இருந்த நோயாளி விவரம் கணினிக்கு மாறியதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு மென்பொருள் வாங்கியது. ஒன்று எழுதுவது இன்னொன்றுக்குப் புரியாது. சின்ன உதாரணம்: ரத்த சர்க்கரையை ஒரு நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அளப்பார்கள், இன்னொரு நாட்டில் லிட்டருக்கு மில்லிமோல். ஒரே ரத்தம், ஒரு ரிப்போர்ட்டில் 126, இன்னொன்றில் 7. அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் வாங்கும் கணினி என்ன நினைக்கும்? இதற்காகத்தான் பொதுத் தரநிலைகள் வந்தன. இப்போது அதிகம் பேசப்படுவது எஃப்.எச்.ஐ.ஆர். என்று எழுதி ‘ஃபயர்’ என்று உச்சரிக்கும் தரநிலை. மருந்து, ஒவ்வாமை, டெஸ்ட் முடிவு என ஒவ்வொரு தகவலையும் எந்தப் பெட்டியில் எப்படிப் போட்டு அனுப்ப வேண்டும் என்பதற்கான பொது ஒப்பந்தம் அது. இதை நாடு முழுக்கச் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்டோனியாவைச் சொல்வார்கள். அங்கே 2010-ல் மின் மருந்துச் சீட்டு வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாச் சீட்டுகளும் மின்வழியில்தான். நோயாளி மருந்துக் கடையில் அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தால் திருடனுக்கும் வசதி. 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற மென்பொருள் தாக்குதலில் பிரிட்டனின் பல மருத்துவமனைகள் முடங்கி அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. 2024 பிப்ரவரியில் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைக் கையாளும் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் தாக்கப்பட்டபோது நாடு முழுக்க மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் காப்பீட்டுப் பணம் வராமல் வாரக்கணக்கில் திண்டாடின. சுமார் 19 கோடிப் பேரின் விவரங்கள் இதில் சிக்கின. கிரெடிட் கார்டு திருடு போனால் ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கலாம். நோய் வரலாறு திருடு போனால் புது வரலாறு வாங்க முடியாது.

படம் பார்க்கும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு டாக்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது நன்றாகச் செய்யும் வேலை எது என்று பார்த்தால், பெரும்பாலும் படம் பார்ப்பது. எக்ஸ்ரே, ஸ்கேன், விழித்திரைப் படம், திசு மாதிரி. 2018-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை டாக்டர் பார்க்காமலே தானாக முடிவு சொல்லும் மென்பொருள் ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. கண் டாக்டர் இல்லாத இடத்திலும் கேமராவை வைத்துப் பரிசோதித்துவிட்டு, தேவைப்படுபவரை மட்டும் நிபுணரிடம் அனுப்பலாம்.

ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை இன்னும் தெளிவாகப் பேசும். மார்பகப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரே படத்தை இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்ப்பது அங்கே வழக்கம். சுமார் 80,000 பெண்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கப்படி பார்த்தார்கள். இன்னொரு பாதிக்கு மென்பொருள் முதலில் பார்த்து, ஆபத்து குறைவான படங்களை ஒரு நிபுணருக்கும் சந்தேகமானவற்றை இருவருக்கும் அனுப்பியது. 2023-ல் வெளியான முடிவின்படி, நிபுணர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்களோ குறையவில்லை. கவனியுங்கள், நிபுணர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் கண் எங்கே செலவாக வேண்டும் என்பதை இயந்திரம் வரிசைப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

மோசமான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கும் ஒரு நிரலை மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்தின. 2019-ல் ஆய்வாளர்கள் அதைக் குடைந்து பார்த்தார்கள். நோயின் கடுமைக்குப் பதிலாக அது மருத்துவச் செலவைக் கணித்துக்கொண்டிருந்தது. அதிகம் செலவானால் அதிகம் நோய் என்பது அதன் தர்க்கம். ஆனால் கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகத்தான் செலவழிக்கப்பட்டிருந்தது. அதனால் அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாக நிரல் முடிவு செய்தது. அதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. கேட்ட கேள்விதான் தப்பு.

நோயை வெளியேற்றும் முயற்சி

இதுவரை சொன்னதெல்லாம் கூடவே இருக்கும் நோயோடு எப்படி வாழ்வது என்பது பற்றி. ஆய்வகங்களில் இதற்கு நேர் எதிரான முயற்சியும் நடக்கிறது. தங்கிவிட்ட நோயை மறுபடியும் வந்து போகும் நோயாக மாற்ற முடியுமா?

சில இடங்களில் முடிந்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று வருடக்கணக்கில் உள்ளே இருந்து அரிக்கும். 2013-ன் இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அதைத் தொடர்ந்து வந்த கூட்டு மருந்துகளில் பெரும்பாலானோருக்குப் பன்னிரண்டு வாரத்தில் நோயே போய்விட்டது. அங்கே ஆரம்ப விலை ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக எமானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020-ல் நோபல் பெற்றார்கள். 2023 நவம்பரில் அந்த முறையிலான முதல் சிகிச்சையான கேஸ்ஜெவிக்குப் பிரிட்டன் அனுமதி தந்தது. பரம்பரை ரத்த நோய்களான அரிவாள் செல் நோயும் தலசீமியாவும் உள்ளவர்களின் எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்பச் செலுத்துகிறார்கள். ஒரே முறை செய்யும் சிகிச்சை. அமெரிக்காவில் அதன் அறிவிப்பு விலை 22 லட்சம் டாலர்.

இந்த விலைகளைப் பார்த்து வாயைப் பிளக்காதவர் யார்? ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றுவது, அடிக்கடி மருத்துவமனையில் சேர்வது எல்லாவற்றையும் கூட்டினால் அதுவும் பெரிய தொகைதான். அது நாற்பது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. இது ஒரே நாளில் போகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் நாற்பது வருடத்துக்கு யோசிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மரபணுவைப் படிப்பது மலிவானது இதற்கெல்லாம் அடித்தளம். 2003-ல் முடிந்த மனித மரபணுத் திட்டத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டாலர் செலவானது. இன்று ஒருவரின் முழு மரபணுத் தொகுப்பை 1,000 டாலருக்கும் குறைவாகப் படிக்கலாம். அதனால் மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வகை நோய்கள் இருக்கின்றன என்று பார்த்து, அந்தந்தக் கட்டிக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள் மட்டும் இதில் வேறு ரகம். அவை அற்புதமாக வேலை செய்கின்றன, ஆனால் நிறுத்தினால் பலருக்கு எடை திரும்பி வந்துவிடுகிறது. அதாவது நோய்க்குப் பதிலாக மருந்து கூடவே தங்கிவிடுகிறது.

யார் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்?

ஒரு துறை எந்தப் பக்கம் போகும் என்று தெரிய வேண்டுமானால் பணம் போகும் வழியைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் பழைய ஏற்பாடு எளிமையானது: செய்த வேலைக்குக் கூலி. ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவு, ஓர் அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு. இந்த ஏற்பாட்டில் நோயாளி வீட்டில் நன்றாக இருந்தால் மருத்துவமனைக்கு வருமானம் இல்லை. ஒரு நர்ஸ் போன் செய்து ‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்று விசாரிப்பதற்கும் எந்தப் பில்லும் கிடையாது. அவர் விசாரிக்காமல் விட்டு, நோயாளி மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வந்தால் பெரிய பில் உண்டு. யாரும் கெட்டவர்கள் இல்லை, ஏற்பாடு அப்படி.

இதை மாற்ற, விளைவுக்குப் பணம் என்ற முறை மெல்ல வருகிறது. மூட்டு மாற்று அறுவைக்கு மொத்தமாக ஒரு தொகை. பிறகு கிருமித் தொற்றால் நோயாளி திரும்பி வந்தால் அந்தச் செலவு மருத்துவமனையின் தலையில். அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், டிஸ்சார்ஜ் ஆன 30 நாட்களுக்குள் அளவுக்கு மீறி நோயாளிகள் திரும்பி வந்தால் மருத்துவமனைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கும் விதியை 2012-ல் கொண்டுவந்தது. டிஸ்சார்ஜ் ஆனவரின் வீட்டுக்குப் போன் செய்து விசாரிப்பது திடீரென்று லாபகரமான வேலை ஆனது! இதிலும் ஓட்டை உண்டு. ஏழை நோயாளிகளை அதிகம் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு அபராதமும் அதிகம் விழுந்தது, ஏனென்றால் வீட்டில் கவனிக்க ஆளில்லாதவர்தான் திரும்பி வருவார். விளைவை அளப்பது ஸ்கேனை எண்ணுவது போல் சுலபமில்லை.

கடைசியாக, ஆள். 2030-ல் உலகில் சுமார் 1.1 கோடி மருத்துவப் பணியாளர்கள் பற்றாக்குறை இருக்கும் என்று உலக சுகாதார அமைப்பு கணிக்கிறது. கருவிகள் இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு ஓரளவுக்குத்தான் சரி. இங்கிலாந்தில் ‘மெய்நிகர் வார்டு’ என்ற ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டிய சிலர் வீட்டிலேயே இருப்பார்கள். ஆக்சிஜன், நாடி, பிரஷர் அளவுகள் ஒரு குழுவுக்குப் போய்ச் சேரும். திரையில் ஓர் எண் சிவப்பாக மாறுகிறது. அது மூச்சுத் திணறலா, விரலிலிருந்து நழுவிய கருவியா என்பது திரைக்குத் தெரியாது. யாராவது ஒருவர் போனை எடுத்து, ‘ஐயா, விரல்ல மாட்டுன கருவி சரியா இருக்கா, ஒரு தடவ பாருங்க’ என்று கேட்க வேண்டும்.